சாக்கடையும் காய்ச்சலும்: புதுச்சேரி யானைக்காலின் வரலாறு

யானைக்கால் நோயின் வரலாற்றைக் கொசுவின் வரலாறாக எழுதுவதே வழக்கம். புதுச்சேரியைப் பொறுத்தவரை அதற்கு வலுவான காரணமும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1975-இல் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை இந்த ஊரில்தான் தொடங்கியது. ஊர்க்காரர்கள் வி.சி.ஆர்.சி. என்று சொல்லும் அந்த மையம் இங்கே சேகரித்த கணக்குகள் இன்றும் உலகம் முழுவதும் எடுத்தாளப்படுகின்றன. ஆனால் அந்த வரலாறு பாதி வரலாறுதான் என்பது என் கருத்து. கொசு புழுவைக் கொண்டுவந்து உடம்பில் விடுகிறது. அங்கே கதை தொடங்குகிறது. காலை யானைக்காலாக்குவது அதன் பிறகு பத்து, இருபது ஆண்டுகள் விட்டு விட்டு வரும் காய்ச்சல். தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர் உதறி, கால் சிவந்து, மூன்று நான்கு நாள் ஆளைப் படுக்கப்போட்டுவிட்டுப் போகும் அந்தக் காய்ச்சலை, சில ஆய்வுகளைத் தவிர, எந்தப் பதிவேடும் முறையாக எண்ணவில்லை. கொசுவை எண்ணினோம், ரத்தத்தில் புழுவை எண்ணினோம், பருத்த காலையும் எண்ணினோம். இடையில் நடந்தது கணக்கில் விழாமல் போனது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

நோய் மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதை இதைச் சிலீபதம் என்று விவரித்து, நீர் நெடுநாள் தேங்கி நிற்கும் குளிர்ந்த நிலங்களில் இது மிகுதி என்றும் குறிக்கிறது. கொசுவைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் தேங்கிய நீரைச் சுட்டிய அந்தக் கவனிப்பு வியப்புக்குரியது. பிறகு வந்த ஐரோப்பியர்களுக்கு அந்த அளவு நிதானம் இருக்கவில்லை. புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்துக்கு வந்த சாபம் இது என்ற கதை போர்த்துக்கீசியர் காலத்துப் பயணக் குறிப்புகளில் சுற்றி வந்தது. மயிலாப்பூரிலும் கொச்சியிலும் பருத்த காலோடு நடந்த ஏழை மனிதர்கள் கொலைகாரர்களின் சந்ததியானார்கள். நோயாளியின் மேலேயே பழியைப் போடும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. உண்மையான தடயம் கிடைத்தது 1863-இல். பாரிஸில் தெமார்க்கே என்ற அறுவை மருத்துவர், கியூபாவிலிருந்து வந்த ஒருவரின் விரைவீக்க நீரில் நுண்புழுவைக் கண்டார். 1872-இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் அதே புழுவை மனித ரத்தத்தில் கண்டார். 1877-இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் அதைக் கொசுவின் உடலுக்குள் கண்டார். பூச்சியொன்று மனித நோயைக் கடத்துகிறது என்பதற்கு மருத்துவ உலகம் பெற்ற முதல் பெரிய சான்று அது. மலேரியாவுக்கான சான்று இருபது ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

தெமார்க்கே புழுவைக் கண்ட அதே 1860-களில் புதுச்சேரிக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. லமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரப்பாளையத்திலிருந்து நீரைக் கொண்டுவந்தார். பாரதி பூங்காவின் நடுவே இன்றும் நிற்கும் ஆயி மண்டபம் அந்தத் தண்ணீர் வந்ததற்கான, மூன்றாம் நெப்போலியன் காலத்து நினைவுச்சின்னம். பின்னர் ஆர்ட்டீசியன் கிணறுகளும் தோண்டப்பட்டன. ஊருக்குள் நல்ல தண்ணீர் வருவது பெரிய பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் ஊருக்குள் வரும் தண்ணீர் அழுக்காகி வெளியே போயாக வேண்டும். புதுச்சேரி சமதளக் கடற்கரை நகரம். நீர் தானாக ஓடுவதற்கு இறக்கம் போதாது. வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்து ஓடும் பெரிய வாய்க்காலும், மேற்கே உப்பனாறும், தெருவோரச் சாக்கடைகளும் மழைக்காலத்தில் ஓடும், மற்ற நாள்களில் நிற்கும். அவற்றோடு வீட்டுக் கொல்லைகளில் மலக்குழிகள், புழங்காத கிணறுகள். நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடித்தது இப்படிப்பட்ட நின்ற, நாறிய, சத்து மிகுந்த அழுக்கு நீர். தண்ணீர் வரும் வழியைக் கட்டியவர்கள் அது போகும் வழியைக் கட்டவில்லை. இதைப் பிரெஞ்சு ஆட்சியின் தனிக் குற்றமாக நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் நகரங்களிலும் இதுவே நடந்தது. 1954-இல் ஆட்சி கைமாறிய பிறகும் பல பத்தாண்டுகள் இதுவே நடந்தது.

வி.சி.ஆர்.சி.யின் முதல் இயக்குநர் பி.கே. ராஜகோபாலனும் அவருடைய குழுவும் செய்த வேலையின் பெருமை, இந்தச் சிக்கலைச் சாக்கடையின் சிக்கலாகவே பார்த்ததில் இருக்கிறது. மருந்தடிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கிணறுகளில் கம்பூசியா மீனையும் நாட்டு மீன்களையும் விட்டு, கொசுப்புழு குறைகிறதா என்று 1970-களிலேயே சோதித்தார்கள். 1981 முதல் 1985 வரை ஊர் முழுவதும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டுத் திட்டம் நடந்தது. சாக்கடையைத் தூர்வாரி ஓடவிட்டார்கள், பள்ளங்களை மூடினார்கள், நீர்ச்செடிகளை அகற்றினார்கள். திட்டத்துக்கு முன்பு இந்த ஊரில் ஒருவரை மாதத்துக்கு ஏறக்குறைய 2,200 கொசுக்கள் கடித்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நுண்புழு பகலில் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கியிருந்துவிட்டு, கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தோலருகே உள்ள ரத்தத்துக்கு வரும். அதனால் கணக்கெடுப்பும் இரவில்தான். வீடு அடங்கும் நேரத்தில் குழு கதவைத் தட்டும். விரல் நுனியில் ஒரு குத்து. கண்ணாடிச் சில்லில் கெட்டியாக ஒரு ரத்தப் பூச்சு. காலையில் அதைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்து, நெளிந்து கிடக்கும் புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு விரலை நீட்டிய ஆயிரக்கணக்கான புதுச்சேரிக்காரர்களும் இந்த அறிவியலில் பங்காளிகள். அவர்கள் தந்த அந்த எண்களை வைத்து, வி.சி.ஆர்.சி.யும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்களும் பின்னர் ஒரு கணினி மாதிரியை உருவாக்கினார்கள். வளர்ந்த புழு மனித உடலில் சராசரியாகப் பத்தாண்டு வாழ்கிறது என்ற மதிப்பீடு அதிலிருந்து வந்ததே.

ஆனால் அந்தக் கண்ணாடிச் சில்லுகளில் ஒரு புதிர் இருந்தது. ரத்தத்தில் புழு நிறைந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பார்வைக்கு நலமாக இருந்தார்கள். கால் பருத்தவர்களின் ரத்தத்திலோ பெரும்பாலும் புழுவே இல்லை. புழுதான் நேரடியாகக் காலைப் பருக்கவைக்கிறது என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? விடை உடம்பின் எதிர்வினையில் இருக்கிறது. நூல்போல மெலிந்த, பெண் புழு எட்டுப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும் இந்த ஒட்டுண்ணி, நிணநீர்க் குழாய்க்குள் குடியிருக்கிறது. தன்னை விரட்டாதபடி உடம்பின் தற்காப்பையே அது தணித்து வைத்திருக்கிறது. உயிரோடிருக்கும் வரை பெரிய சண்டை எதுவும் இல்லை. குழாய் மட்டும் மெல்ல மெல்ல விரிந்து, உள்ளிருக்கும் தடுக்கிதழ்கள் பொருந்தாமல் போகின்றன. திசுக்களில் கசியும் நீரையும், தோல் வழியே நுழையும் கிருமிகளையும் மேலே எடுத்துப்போய் நிணநீர் முடிச்சில் வடிகட்டும் வேலை அத்தோடு தடைப்படுகிறது. புழு சாகும்போது அழற்சி மூள்கிறது. புழுவுக்குள்ளேயே வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் அதைத் தூண்டுகிறது. இந்த அழற்சி பெரும்பாலும் மேலிருந்து கீழாக இறங்கும், சில நாளில் தணியும். உண்மையான சேதம் அதன்பிறகு வருகிறது. விரலிடுக்கில் சேற்றுப்புண் வெடிக்கிறது. அதன் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமி நுழைகிறது. நல்ல காலில் அது ஒரு நாளில் அடங்கிப்போயிருக்கும். வடிகால் கெட்ட காலில் தேங்கிய நீரே அதற்குத் தீனி. சிவப்பு, சூடு, வலி, வீக்கம் எல்லாம் பாதத்திலிருந்து மேலே ஏறுகின்றன, நெறி கட்டுகிறது, காய்ச்சல் அடிக்கிறது. ஒவ்வொரு தாக்குதலும் மீதமிருக்கும் குழாய்களில் சிலவற்றைத் தழும்பாக்கிவிட்டுப் போகிறது. திடீர் அழற்சி முழுதாக ஆறுமுன் அடுத்தது வந்தால் அது நாள்பட்ட அழற்சியாகிறது. வடியாத புரதநீரில் நார்த்திசு படிகிறது, தோல் தடித்து மடிப்பு விழுகிறது, மடிப்புக்குள் ஈரம் தங்குகிறது, அந்த ஈரத்தில் அடுத்த புண் வருகிறது. இந்தச் சுழல்தான் யானைக்கால்.

இது ஊகமில்லை. 1990-களில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர்.கே. ஷெனாயும், பிரேசிலின் ரெசீஃபேயில் ஜெரூசா டிரேயரும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தார்கள். தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கை மென்துணியால் ஒற்றி உலர்த்தி, வெடிப்பில் களிம்பு தடவி, படுக்கும்போது காலை உயர்த்தி வைத்தவர்களுக்குக் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைந்தது. புழுக்கொல்லி மருந்து கொடுக்காமலேயே குறைந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. புதுச்சேரியிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் வி.சி.ஆர்.சி. ஆய்வாளர்கள் இந்தத் தாக்குதல்களால் பறிபோகும் வேலைநாள்களைக் கணக்கெடுத்தார்கள். கே.டி. ராமையாவும் உடன் பணியாற்றியோரும் அதன்வழி, நாடு முழுவதும் இந்த நோயால் ஆண்டுக்கு 80 கோடி டாலருக்கும் மேல் இழப்பு என்று 2000-இல் மதிப்பிட்டார்கள். நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் வலை இழுப்பவருக்கும் நான்கு நாள் படுக்கை என்றால் நான்கு நாள் கூலி இல்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது: கிருமிதான் காரணம் என்றால் சேற்றுப்புண் வந்த எல்லோருக்கும் கால் பருக்க வேண்டாமா? வேண்டாம். புழு முன்பே குழாயைக் கெடுத்து வைத்திருந்தால்தான் கிருமியால் இந்த வேலையைச் செய்ய முடியும். எத்தியோப்பிய மலைநாடுகளில் எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குப் புழு இல்லாமலேயே கால் பருக்கிறது; அங்கே மண்துகள் நிணநீர்க் குழாயைக் கெடுக்கிறது. கெடுப்பது எதுவானாலும் வடிகால் போன பிறகு நடப்பது ஒன்றே. இரண்டாவது மறுப்பு கனமானது. 1985-இல் திட்டம் முடிந்ததும் கொசுக்கள் பழையபடி பெருகின, வி.சி.ஆர்.சி.யே அதை 1992-இல் பதிவு செய்தது. அப்படியானால் சாக்கடை வேலையெல்லாம் வீண், புழுக்கொல்லி மாத்திரைதான் வென்றது என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் சிறுவர்களிடம் தொற்று குறைந்ததை அதே மையத்தின் தரவுகள் காட்டின. இந்த நோய் ஒரு கடியில் ஒட்டுவதில்லை. ஒருவரின் ரத்தத்தில் நுண்புழு தோன்ற, தொற்றேறிய கொசுக்களின் கடி ஏறக்குறைய 15,500 தேவை என்று ரங்கூனில் 1960-களில் கணக்கிட்டார்கள். கடி குறைந்த ஒவ்வோர் ஆண்டும் சில குழந்தைகள் தப்பியிருப்பார்கள். திட்டம் தொடரவில்லை என்பது அதை நிறுத்தியவர்களின் தவறு.

மூன்றாவது மறுப்பு நோயாளிகளின் பக்கம் நின்று எழுப்பப்படுவது, அதை நான் மதிக்கிறேன். காலைக் கழுவு என்று சொல்வது, தோமையார் சாபக் கதையைப் போலவே, பழியை மறுபடியும் ஏழையின் மேல் சுமத்துவதாகாதா? வெறும் அறிவுரையாக நின்றால் ஆகும். கால் கழுவத் தண்ணீர் வேண்டும். கழுவிய நீர் முற்றத்தில் தேங்காமல் வெளியேற வேண்டும். பருத்த பாதத்துக்குப் பொருந்தும் செருப்பு வேண்டும். குனிந்து விரலிடுக்கைத் தொட முடியாதவருக்குத் துணை வேண்டும். காய்ச்சல் வந்த அன்றே ஆன்டிபயாடிக்கும் கூலி போகாத ஓய்வும் வேண்டும். இவற்றில் எதுவும் தனிமனித ஒழுக்கத்தால் வருவதில்லை. கொசுவைப் பெருக்கிய அதே தேங்கிய சாக்கடைதான் கால்விரலின் ஈரத்தையும் காயவிடாமல் வைத்தது. தொற்றுக்கும் அழற்சிக்கும் நகராட்சி வேலை ஒன்றேதான் என்பதால், இரண்டையும் தனித்தனித் துறைகளிடம் ஒப்படைத்தது பெரிய பிழை என்று கருதுகிறேன்.

மாத்திரையின் சாதனையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1947-இல் கண்டறியப்பட்ட டி.இ.சி. என்ற மருந்தை, புதுச்சேரி ஆட்சிப்பகுதியின் காரைக்காலில் 1980-களில் சமையல் உப்பில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். 2004 முதல் நாட்டில் நோய் பரவியிருந்த மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை வீடு வீடாக யானைக்கால் மாத்திரை வந்தது. விழுங்கிய அன்று காய்ச்சல் வந்ததால் பலர் பயந்து ஒளித்து வைத்தார்கள். புழு சாவதால் வரும் அழற்சி அது என்று எடுத்துச்சொல்ல ஆளில்லை. எப்படியோ புதிய தொற்று அடங்கிவந்தது. ஆனால் மாத்திரை புழுவைக் கொல்லும், தழும்பேறிய நிணநீர்க் குழாயைத் திருத்தாது. பரவல் நின்றது என்று அறிவிக்கும் நாளிலும், முன்பே கால் கெட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்துகொண்டுதான் இருக்கும். தமிழ்நாட்டில் நான்காம் நிலை யானைக்கால் நோயாளிகளுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. தர வேண்டியதுதான். ஆனால் நான்காம் நிலை கடைசி நிலை. முதல் நிலையிலும் இரண்டாம் நிலையிலும் இருப்பவருக்கு ஆண்டில் எத்தனை முறை நெறி கட்டியது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஏடு வைத்து எண்ணி, அந்த எண்ணைக் குறைப்பதையே இலக்காக வைத்தால் நான்காம் நிலைக்குப் போகிறவர்கள் குறைவார்கள். இரவில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, புழுவைக்கூட ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிய ஊர் புதுச்சேரி. காய்ச்சலை எண்ணுவது அதைவிடக் கடினமான வேலை இல்லை; பகலிலேயே செய்யலாம்.