சாலை மிதிவண்டி வட்டு பிரேக்கின் நிறுத்துதிறன்

சாலை மிதிவண்டியின் வட்டு பிரேக், சக்கரத்தோடு சுழலும் எஃகு வட்டை இருபுறமும் பேடுகளால் கவ்வி வேகத்தைக் குறைக்கிறது. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2018 ஜூலை 1 முதல் சாலைப் பந்தயங்களில் இதை முழுமையாக அனுமதித்தது. இதன் நிறுத்துதிறனை உராய்வு, பேடுகளை வட்டின்மேல் அழுத்தும் கேலிப்பர் தரும் அழுத்தம், வட்டின் ஆரம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன.

உராய்வு: புதிய பேடுகளைப் பழக்க வேண்டும். மிதமான வேகத்திலிருந்து நடை வேகம்வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பலமுறை பிரேக் பிடித்தால் பேடுப் பொருள் வட்டின்மேல் மெல்லிய படலமாகப் படியும். இப்படலம் சீராக அமைந்த பிறகே பிடிப்பு முழுமையடையும். சங்கிலி எண்ணெயும் விரல் பிசுக்கும் இப்பிடிப்பைக் கெடுப்பவை. வட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம்; எண்ணெய் ஊறிய பேடை மாற்றிவிடுவதே நல்லது. ரெசின் பேடுகள் குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும், சத்தம் குறைவு. ஆனால் மழையில் விரைவில் தேயும். உலோகப் பேடுகள் ஈரத்தையும் நீண்ட மலையிறக்கத்தின் சூட்டையும் தாங்கும். ரெசின் பேடுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட வட்டில் உலோகப் பேடு போடக்கூடாது.

அழுத்தம்: திரவத்தின் வழியே இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பில் காற்றுக் குமிழி புகுந்தால், லிவர் நகர்வின் ஒரு பகுதி அதைச் சுருக்குவதிலேயே வீணாகி, லிவர் மெத்தென்று உள்ளே போகும். திரவத்தை மாற்றிக் காற்றை வெளியேற்றுவதே இதற்கு வழி. ஷிமானோ நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்குகள் மினரல் ஆயிலில் இயங்குகின்றன. ஸ்ராம் நிறுவனத்தின் சாலை பிரேக்குகள் பலவற்றில் டாட் திரவம் உண்டு. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் கெடும். கேபிள் பிரேக்கில், அழுத்தத்தில் சுருங்காத வெளியுறையைப் பொருத்தினால் லிவர் நகர்வு வீணாவது குறையும். ஒரு பேடு மட்டுமே நகரும் கேலிப்பரில், அசையாத பேடை அது தேயத் தேய வட்டுக்கு அருகே நகர்த்திவைக்க வேண்டும்.

ஆரம்: 140 மி.மீ. வட்டுக்குப் பதில் 160 மி.மீ. வட்டு பொருத்தினால், அதே அழுத்தத்தில் நிறுத்து முறுக்குவிசை ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். சூடும் எளிதில் வெளியேறும். ஃபோர்க்கும் சட்டமும் ஏற்கும் பெரும அளவை மீறக்கூடாது.

எல்லை: பிரேக் எவ்வளவு வலுவானாலும் டயரின் பிடிப்பைத் தாண்டி வண்டியை நிறுத்த முடியாது. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால் முன் பிரேக்கே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. விசை மிகுந்தால் உலர்ந்த சாலையில் பின்சக்கரம் மேலெழும். ஈரச் சாலையில் அதற்கு முன்பே டயர் வழுக்கும்.