நம்மை நாமே கண்காணிப்போம்: பிறர் மனதைப் புண்படுத்தும் பழக்கத்திலிருந்து விடுபட

பிறரைப் புண்படுத்திப் பேசுபவர்களில் பெரும்பாலோர் கெட்ட மனிதர்கள் அல்லர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர்களாகவும், கணக்குப் பார்த்து ஜகாத் கொடுப்பவர்களாகவும் இருப்பார்கள். ஆனால் கடைப் பையனிடமோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமோ, மூட்டை தூக்குபவரிடமோ பேசும்போது அவர்களுடைய குரலே மாறிவிடும். சுட்டிக்காட்டினால், "நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?" என்று கேட்பார்கள். உண்மையிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்தத் தெரியாமைக்கு மார்க்க அறிஞர்கள் வைத்த பெயர் ‘கஃப்லத்’. உள்ளம் விழிப்பில்லாமல் கிடப்பது என்று பொருள். கோபத்தில் ஒருவரைத் திட்டிவிட்டால் பிறகு வருந்துகிறோம், தவ்பா செய்கிறோம். கஃப்லத்தில் புண்படுத்தினால் தவ்பாவே நடப்பதில்லை. ஏனென்றால் அப்படி ஒன்று நடந்ததே நம் மனதில் பதிவதில்லை. அதனால்தான் இது கோபத்தைவிட ஆபத்தானது.

மலையும் அடிவாரமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரும் காவலூரும் பலரும் அறிந்த ஊர்கள். மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் ‘மலையாளி’ என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமை, புளி, தேன், பலாப்பழம், சீத்தாப்பழம், நெல்லிக்காய் என்று மலையில் விளைவதும் கிடைப்பதும் கீழே உள்ள ஊர்களுக்கு வருகின்றன. திருப்பத்தூர், ஆலங்காயம், வாணியம்பாடி போன்ற ஊர்களில் நம் சமுதாயத்தவர் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். எனவே மலை மக்கள் நமக்கு அந்நியர் அல்லர், அண்டை வீட்டார்.

சந்தையில் நின்று சற்றுக் கவனித்தால் ஒன்று தெரியும். நம் வயதுடைய கடைக்காரரை ‘அண்ணே’, ‘பாய்’ என்று அழைக்கும் அதே வாய், அறுபது வயது மலைவாசிப் பெரியவரை ‘ஏய், இந்தா, என்ன விலை சொல்றே?’ என்கிறது. தாயையும் ‘நீ’ என்கிறோம், அதில் உரிமையும் அன்பும் இருக்கிறது. முன்பின் தெரியாத முதியவரை ‘நீ’ என்பதில் அந்த அன்பு இல்லை, தரம் பிரிப்பது மட்டுமே இருக்கிறது. பெரிய கடையில் அச்சிட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, தலைச்சுமையாகக் கொண்டு வந்தவரிடம் மட்டும் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்தே அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது. மரியாதையையும் அப்படி ஓர் அளவையாக எண்ணிப் பாருங்கள். நாம் நிறைவாக எதிர்பார்க்கிறோம், குறைவாகக் கொடுக்கிறோம்.

சிறிய சொல் எங்கே போய் முடிகிறது?

‘காட்டான்’ என்பது தமிழில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் வசைச்சொல். காட்டில் வாழ்வது எப்படி வசையானது என்று நாம் யோசிப்பதில்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைக் கேலி செய்வதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும் தடை செய்கிறது. 13ஆம் வசனம் மக்கள் பல கிளையினராகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று உணர்த்துகிறது. பெயர் சூட்டிவிட்டால் அறிந்துகொள்ளும் வாசல் அடைபட்டுவிடும்.

அது அடைபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியும் இதே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே நுழைந்தார்கள். ஊரே சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி முழுமை பெற 31 ஆண்டுகள் ஆயின.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தார்கள். அதன் பிறகு வேலை தேடிக் கீழே இறங்கும் மலை இளைஞர்கள் பலரும் சந்தேகப் பார்வையைச் சுமக்க வேண்டியதாயிற்று.

சந்தையில் நாம் சொல்லும் ஒரு சொல்லும் இந்தக் கொடுமைகளும் ஒன்றல்ல. ஆனால் ஒரு சமூகத்தை மட்டமாகப் பேசுவது பழகிப்போன ஊரில், அவர்களுக்கு அநீதி நடக்கும்போது கேட்பதற்கு ஆள் இருக்காது.

நபித்தோழருக்கும் நேர்ந்தது

அபூதர் (ரலி) அவர்கள் ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்றவர்கள். அவர்களே ஒருமுறை ஒரு மனிதரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசிவிட்டார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உங்களிடம் இருக்கிறது என்று கண்டித்தார்கள். உங்கள் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதை அவர்களுக்கும் உடுத்தக் கொடுங்கள் என்று போதித்தார்கள். பிற்காலத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்த ஒருவர், அவர்களும் அவர்களுடைய பணியாளரும் ஒரே விதமான ஆடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டபோதுதான் இந்த வரலாற்றைச் சொன்னார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஈமான் உள்ள நெஞ்சிலும் பழைய குலப்பெருமை தெரியாமல் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுகொண்டால் ‘மன்னித்துவிடு’ என்பதோடு நிறுத்தாமல், கண்ணுக்குத் தெரியும் ஒரு பழக்கமாகத் திருத்த வேண்டும்.

நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் எப்படிப் பழக வேண்டும் என்பதற்கு ஜாஹிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி போதும். அவர் பாலைவனவாசி. பெரிய தோற்றப் பொலிவு இல்லாதவர். கிராமப்புறத்துப் பொருட்களை நபி (ஸல்) அவர்களுக்குக் கொண்டு வருவார். திரும்பும்போது அவருக்குத் தேவையானதை நபியவர்கள் கொடுத்தனுப்புவார்கள். ஜாஹிர் நமக்குக் கிராமம், நாம் அவருக்கு நகரம் என்பார்கள். ஒருநாள் சந்தையில் அவர் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு, இவரை வாங்குபவர் யார் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். என்னை விற்றால் விலை போகாதே என்றார் அவர். அல்லாஹ்விடம் நீங்கள் விலை உயர்ந்தவர் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். இது ஷமாயிலுத் திர்மிதியில் இடம்பெற்ற செய்தி. நம் ஊர்ச் சந்தைக்கு மலையிலிருந்து தேன் கொண்டு வருபவரை இந்தக் கண்ணோடு பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

முன்னோர் காட்டிய பயிற்சி

இன்று ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற பெயரில் மனதைக் கவனிக்கும் பயிற்சி உலகெங்கும் பேசப்படுகிறது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் மன அழுத்தத்தைக் குறைக்க இதைப் பாடமாக வகுத்த பிறகு இது பரவலானது. நம்மிடம் முராகபா (கண்காணித்தல்), முஹாசபா (கணக்குப் பார்த்தல்) என்ற பயிற்சிகள் நெடுங்காலமாக இருக்கின்றன. ஹிஜ்ரி 243இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாசிபி (ரஹ்) அவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். மனதைக் கவனிப்பது இரண்டுக்கும் பொது. நாம் கவனிக்கும்போது அல்லாஹ்வும் நம்மைக் கவனிக்கிறான் என்ற உணர்வு முராகபாவின் உயிர். நபி (ஸல்) அவர்கள் ‘இஹ்ஸான்’ என்று விளக்கியதும் இதைத்தான்.

இமாம் கஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதை வியாபார உதாரணத்தால் விளக்குகிறார்கள். மனம் ஒரு கூட்டாளி. கூட்டாளியிடம் முதலில் நிபந்தனை பேசுவோம், பிறகு கண்காணிப்போம், இறுதியில் கணக்குப் பார்ப்போம். அதையே நாம் இப்படிச் செய்யலாம்:

1. காலையில் நிபந்தனை: ஃபஜ்ருக்குப் பிறகு, இன்று சந்திக்கப் போகும் ஒருவரை மனதில் நிறுத்தி, ‘இவரிடம் மரியாதையாகப் பேசுவேன்’ என்று மனதோடு ஒப்பந்தம் செய்யுங்கள். ‘எல்லோரிடமும் அன்பாக இருப்பேன்’ என்பது மாலைக்குள் மறந்துவிடும். ஒருவரைக் குறிப்பிட்டால் நினைவிருக்கும்.

2. பேசும் முன் ஒரு நொடி: குரல் உயர்வது, முகம் சுளிப்பது, ‘ஏய்’ என்று நாக்கு எழுவது ஆகியவை அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடன் நிறுத்தி அஊது ஓதுங்கள். நின்றிருந்தால் உட்காருங்கள், அப்போதும் கோபம் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி. அதை நமக்கு அறிவித்தவரும் அபூதர் (ரலி) அவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

3. ஒரு கேள்வி: ‘இவர் ஒரு தாசில்தாராக இருந்தால் இப்படிப் பேசுவேனா?’ இல்லை என்றால் அது கோபம் அல்ல, பெருமை. சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள்.

4. இரவில் கணக்கு: படுக்கும் முன் அன்று பேசிய மூன்று உரையாடல்களை நினைத்துப் பாருங்கள். வார்த்தையை மட்டுமல்லாமல் எதிரே இருந்தவரின் முகத்தையும் நினையுங்கள். அது எப்போது வாடியது?

5. ஈடு செய்தல்: மனிதர்களின் உரிமையில் செய்த குற்றம், தொழுது அழுவதால் மட்டும் நீங்காது. உரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறரைத் திட்டியதால் நன்மைகளை இழந்து திவாலாகும் மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

சாதித்தவருக்கு மட்டுமா மரியாதை?

2024இல் ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், உரிமையியல் நீதிபதி தேர்வில் வென்றார். குழந்தை பிறந்த ஓரிரு நாட்களில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர் அவர். தமிழகமே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நீதிபதியான பிறகு கொடுக்கும் மரியாதையில் நமக்குப் பெரிய சோதனை இல்லை. அதே மலையில் புளி உலுக்கி வாழும் பெண்ணிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் சோதனை.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிய ஒரு பெண்மணி இறந்தபோது, தோழர்கள் அதை நபி (ஸல்) அவர்களிடம் சொல்லாமல் அடக்கம் செய்துவிட்டார்கள். அவருடைய மரணத்தைச் சிறிய விஷயமாக எண்ணிவிட்டார்கள். நபியவர்களோ அவரைக் காணவில்லையே என்று விசாரித்தார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைத் தேடிச் சென்று தொழுகை நடத்தினார்கள். அங்கே யாரும் அந்தப் பெண்ணை வெறுக்கவில்லை, கவனிக்கத் தவறினார்கள். நபியவர்கள் கவனித்தார்கள்.

பெற்றோர்களே! ‘எல்லோரையும் மதிக்க வேண்டும்’ என்று நாம் சொல்வதைப் பிள்ளைகள் மறந்துவிடலாம். வாசலில் பொருள் விற்க வந்தவரிடம் நாம் பேசிய விதத்தை மறக்க மாட்டார்கள். அடுத்த முறை அவரிடம் பெயரைக் கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள், சொன்ன விலை நியாயமானால் பேரம் பேசாமல் வாங்குங்கள். திருமண விருந்தில் வேலை செய்பவர்களுக்கு மிச்சத்தைக் கொடுக்காமல் விருந்தையே கொடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே பாடம்.

நம் நாவையும் பார்வையையும் கண்காணிக்கும் விழிப்புள்ள உள்ளத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக. நாம் அறிந்தும் அறியாமலும் புண்படுத்தியவர்களிடம் உலகிலேயே கணக்கை முடித்துக்கொள்ளும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.