காஸ்ட் கட்டிங்கில் பிறந்த வா பெடல்

ஒரகடத்தில் எங்க லைனில் தினமும் காதில் விழும் வார்த்தை ‘காஸ்ட் கட்டிங்’. என் எலெக்ட்ரிக் கிடாருக்கு விலை குறைந்த வா பெடல் தேடியபோதுதான் தெரிந்தது, அந்தப் பெடலே காஸ்ட் கட்டிங்கில் பிறந்ததுன்னு.

1966, கலிபோர்னியா. தாமஸ் ஆர்கன் கம்பெனி தயாரித்த வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரில், நடு அலைவரிசை ஒலியைத் தூக்கிக் காட்ட ஒரு சுழல் ஸ்விட்ச் இருந்தது. விலை அதிகம். அதற்குப் பதில் மலிவான பொடென்ஷியோமீட்டர் போடும் வேலை பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியரிடம் வந்தது. குமிழைத் திருப்பினால் ஒலி ‘வா’ என்று வாய் திறந்தது! அந்தச் சர்க்யூட்டை ஆர்கனின் வால்யூம் பெடலுக்குள் பொருத்தினார்கள். 1968-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை மிதித்து உலகையே கேட்க வைத்தார்.

ஆக, மலிவு இதற்குக் குறையே இல்லை. பெரும்பாலும் முதலில் தேய்வது அந்தப் பொடென்ஷியோமீட்டர்தான். நான் வாங்கிய பழைய பெடல் மிதிக்கும்போதெல்லாம் கரகரத்தது. சென்னை ரிச்சி தெருவில் 100 கிலோ ஓம் பாட் ஒன்று வாங்கி, பழைய பல்சக்கரத்தையே அதில் மாட்டினேன். சரியாயிடுச்சு.

நீங்க வாங்கும்போது பிராண்டை மட்டும் பார்க்காதீங்க. மெதுவா மிதிச்சு, கரகரப்பு வருதான்னு கேளுங்க. அடிமூடியைக் கழற்றினால் பாட் மாற்ற வழி இருக்கான்னும் பாருங்க.