காப்ரி சாலட்டின் பூர்வீகம்

இத்தாலியின் தென்மேற்குக் கரையில், நேப்பிள்ஸ் வளைகுடாவின் வாயிலில் காப்ரி என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியஸ் தம் ஆட்சியின் கடைசிப் பத்து ஆண்டுகளைத் தலைநகருக்குள் நுழையாமல் பெரும்பாலும் இங்கேயே கழித்தார். அந்தத் தீவின் பெயரில் வழங்குவதுதான் 'இன்சலாத்தா காப்ரேசே' என்கிற காப்ரி சாலட். ஒரு வில்லை தக்காளி, ஒரு வில்லை மொசரெல்லா, நடுவே ஒரு பேசில் இலை, மேலே ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். அடுப்பு மூட்டவே வேண்டாம்.

யார் முதலில் செய்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு நாட்டுப்பற்று மிக்க ஒரு கொத்தனார் தேசக்கொடியின் மூன்று நிறங்களையும் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டார் என்பது ஒன்று. 1920களில் தீவின் பெரிய ஓட்டலான குவிசிசானாவில், மரினெத்தி என்ற கவிஞருக்காகப் பரிமாறினார்கள் என்பது இன்னொன்று. இந்த மரினெத்தி, பாஸ்தா தின்றுதான் இத்தாலியர்கள் மந்தமாகிப் போனார்கள் என்று 1930-இல் அறிக்கையே வெளியிட்டவர். எகிப்து மன்னர் ஃபாரூக் 1951-இல் காப்ரிக்கு வந்தபோது மாலையில் லேசாக ஏதாவது கேட்டார், அதிலிருந்து புகழ் பரவியது என்பது மூன்றாவது. எதற்கும் பத்திரம் கிடையாது. நாற்பது வருடம் கோப்பு பார்த்தவன் என்ற முறையில், ஆதாரத்தோடு எதுவும் சேர்க்கப்படவில்லை என்று குறிப்பெழுதி மூன்றையும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பயல் சின்னவன்தான், நூறு வயதை ஒட்டியவன். ஆனாலும் இத்தாலியர்களுக்கு இது தேசியக் கொடிக்குச் சமானம். பச்சை, வெள்ளை, சிவப்பு. அந்தக் கொடியே 1797-இல் பிரெஞ்சுப் புரட்சியின் மூவண்ணத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டதுதான். பிரெஞ்சுப் பள்ளியில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று மனப்பாடம் செய்த எங்களுக்கு இதைச் சொல்லும்போது ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. கொடியை விடுங்கள். தட்டில் இருக்கிற மூன்று நிறத்தில் எதுவும் அந்த மண்ணில் தோன்றியது இல்லை. அதுதான் எனக்கு ருசியான செய்தி.

சிவப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். தக்காளியின் தாயகம் தென் அமெரிக்கா. மெக்சிகோவில் பயிராகி, ஸ்பானியர்கள் கையோடு 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா வந்தது. 1544-இல் மத்தியோலி என்ற இத்தாலிய வைத்தியர் இதைப் பற்றி எழுதினார். கத்தரிக்காய் போலவே எண்ணெயில் வதக்கி உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்றார். பத்து வருடம் கழித்து 'பொன் ஆப்பிள்' என்ற பெயரையும் பதிவு செய்தார். இத்தாலியில் இன்றும் அது 'பொமொதோரோ'தான். பிரெஞ்சுக்காரர்கள் பழைய நாளில் 'பொம் தமூர்' என்றார்கள், காதல் ஆப்பிள். பெயரெல்லாம் அழகாக வைத்தார்களே தவிர, வெகுகாலம் பலரும் இதைத் தோட்டத்து அழகுக்குத்தான் வளர்த்தார்கள். விஷச்செடியின் பங்காளி என்ற பயம். 1690களில்தான் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்ற சமையல் அதிகாரி தம் புத்தகத்தில் ஒரு தக்காளி சாஸ் எழுதுகிறார். தணலில் சுட்டு, தோலுரித்து, வெங்காயமும் காரமும் சேர்த்துப் பொடியாக நறுக்கி, உப்பு, எண்ணெய், வினிகர். ஏறத்தாழ நம் வீட்டுச் சுட்ட தக்காளித் துவையல்! அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்பானிய முறை'. அன்றைக்கு அது அவர்களுக்கே அந்நியச் சமையல்.

வெள்ளைக்கு வருவோம். மொசரெல்லாவில் உயர்ந்தது எருமைப்பாலில் செய்வது. பசும்பாலிலும் செய்வார்கள், அதற்கு 'ஃபியோர் தி லாத்தே' என்று பெயர். எருமை எங்கிருந்து போனது? ஆற்றெருமையை முதலில் வீட்டு விலங்காக்கியது இந்தியத் துணைக்கண்டத்தில்தான். சிந்துவெளி முத்திரைகளில் அதன் கொம்பைப் பார்க்கலாம். அங்கிருந்து மேற்கே நடந்து நடந்து இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. அரேபியர்கள் சிசிலி வழியாகக் கொண்டுபோனார்கள் என்று ஒரு சாரார், வேறு வழி என்று இன்னொரு சாரார். வழி எதுவானாலும் நேப்பிள்ஸுக்கு வடக்கிலும் தெற்கிலும் இருந்த சதுப்பு நிலங்கள் அதற்கு மாமியார் வீடு போல் ஆகிவிட்டன. மலேரியாவுக்குப் பயந்து மனிதன் ஒதுங்கிய சேற்றில் எருமை சுகமாகப் படுத்துக்கொண்டது. ஜெர்மானியக் கவிஞர் கதே 1787-இல் பெஸ்தும் கோயில்களைப் பார்க்கப் போனபோது வழியில் இந்த எருமைகளைப் பார்த்து, நீர்யானை போலிருக்கிறதே என்று மிரண்டார். நம் ஊர்க் குளக்கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் மிரண்டிருக்காது.

எருமைப்பால் ஏன் அவ்வளவு வெளுப்பு என்று பால்காரரிடம் கேட்டிருக்கிறீர்களா? பசும்பாலுக்கு லேசான மஞ்சள் தருவது தீவனத்திலிருந்து வரும் கரோட்டின். எருமை அதைத் தன் உடம்பிலேயே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. பாலில் நிறம் இறங்குவதில்லை. கொழுப்போ பசும்பாலைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்தப் பாலைத் திரித்து, திரிந்த கட்டியைக் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரில் போட்டு, பரோட்டா மாவு போல் இழுத்து இழுத்துப் பிசைவார்கள். பளபளவென்று வந்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருண்டை உருண்டையாகக் கிள்ளுவார்கள். 'மொத்சாரே' என்றால் துண்டிப்பது. பெயர் அதிலிருந்து வந்தது. போப்பாண்டவரின் சமையல்காரர் ஸ்கப்பி 1570-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பெயர் இருக்கிறது. ஓரிரு நாளில் கெட்டுவிடும் பண்டம் என்பதால் ரயிலும் ஐஸும் வரும்வரை ஊரை விட்டு அதிக தூரம் போகவில்லை. தூரம் போனது புகை போட்ட வகைதான்.

பச்சை நமக்கு இன்னும் நெருக்கம். பேசில் என்பது திருநீற்றுப்பச்சிலை. அதன் விதைதான் சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கும் சப்ஜா. வெப்பமண்டல ஆசியாவின் செடி. ரோமானியர் காலத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கிரேக்கர்கள் 'அரசன்' என்ற சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார்கள். 'துளசியையா பாலாடைக்கட்டி மேலே போடுகிறீர்கள்?' என்று என் மனைவி முதல் தடவை முகம் சுளித்தாள். பெருமாள் கோயில் துளசி வேறு, இது அதன் தங்கை என்று சொன்ன பிறகுதான் கிள்ள விட்டாள்.

சரி, இந்தப் பூர்வீக ஆராய்ச்சியால் யாருக்கு என்ன? 2009-இல் தஸ்கனியில் லூக்கா என்ற பழைய நகரத்தின் நகராட்சி, கோட்டைச் சுவருக்குள் புதிதாக அந்நிய இனத்து உணவகம் எதுவும் திறக்கக்கூடாது என்று விதி போட்டது. துருக்கிக் கபாப் கடைகளை மனதில் வைத்துப் போட்ட விதி என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்றார்கள். அந்தப் பாரம்பரியத் தட்டில் தக்காளி இருக்கிறதே, அது எந்த ஊர் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். கடை வைத்துப் பிழைக்க வந்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, அவனுக்கு முன்னே வந்த பழத்தைக் கொடியாக்கிக் கும்பிடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

நம் வீடுகளில் இதைவிட நேர்மையான வழக்கம் ஒன்று இருக்கிறது. பல குடும்பங்களில் தெவசச் சமையலில் தக்காளி கிடையாது, மிளகாய் கிடையாது, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் கிடையாது. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. காய் என்றால் வாழைக்காய், பாகற்காய், அவரை. கப்பலில் வந்த காய்களை முன்னோர்களுக்குத் தெரியாது, அதனால் அவர்களுக்குப் படைப்பதில்லை. மறுநாள் அதே அடுப்பில் தக்காளி ரசம் கொதிக்கும், யாருக்கும் சங்கடமில்லை. தக்காளி என்ற பெயரும் நம்முடைய பழைய காட்டுச்செடிக்கு உரியதுதான். வந்தவருக்கு அதைக் கொடுத்து, கொஞ்சகாலம் சீமைத்தக்காளி என்று அழைத்து, பிறகு சீமையையும் உதிர்த்துவிட்டோம். இன்று சந்தையில் 'நாட்டுத் தக்காளி' என்று கூவி விற்கிறார்கள். மெக்சிகோக்காரர் கேட்டால் சிரிப்பார்.

செய்முறை கேட்பவர்களுக்கு. இரண்டு பேருக்கு நன்றாகப் பழுத்த, கெட்டியான தக்காளி மூன்று. புளிப்பு அதிகமுள்ள நாட்டுத் தக்காளி ரசத்துக்கு இருக்கட்டும், இதற்குப் பெங்களூர்த் தக்காளி மேல். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மணம் செத்துவிடும். மொசரெல்லா உருண்டை ஒன்று, 200 கிராம். நீரில் மிதக்கும் வகையாக இருக்கவேண்டும், பீட்சாவுக்கான ரப்பர்க் கட்டி வேண்டாம். எங்களுக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் செய்வது கிடைக்கிறது. அரைமணி முன்னால் வெளியே எடுத்து நீரை வடியுங்கள். இரண்டையும் சுண்டுவிரல் கனத்துக்கு அறுத்து மாற்றி மாற்றி அடுக்குங்கள். இத்தாலியப் பேசில் கிடைக்காவிட்டால் திருநீற்றுப்பச்சிலையின் கொழுந்து போதும்; வாசம் சற்றுத் தூக்கலாக இருக்கும், பாதி அளவு போடலாம். கத்தி படாமல் கையால் கிள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. உப்பைப் பரிமாறும் நேரத்தில்தான் தூவவேண்டும், முன்பே போட்டால் தக்காளி நீர் விட்டுவிடும். வினிகரைக் காப்ரிக்காரர்கள் சேர்ப்பதில்லை.

தட்டின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் மொசரெல்லாப் பாலும் கலந்து கொஞ்சம் தேங்கியிருக்கும். அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். நீளப் பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்துத் துடைத்துச் சாப்பிடவேண்டும்.