மூடினா தூங்குற பெட்டி

போன மாசம் ஒரு நேயர் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "செகண்ட் ஹேண்ட்ல ஒரு நிண்டெண்டோ டிஎஸ் வாங்கிட்டேன். அட்வெஞ்சரும் பஸிலும்தான் எனக்குப் பிடிக்கும். கையில இருக்கிற காசுக்கு மூணு கார்ட்ரிட்ஜ் வாங்கலாம். எதை வாங்க?" அவ்வளவுதான் கேள்வி. மூணு பேரைச் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்குத் தப்பான பதிலைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து அதை உணர்ந்தவன் நான். அதனால கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்லப் போறேன்.

சில வருஷம் முன்னாடி அப்பாவுக்கு ஆபரேஷன். பத்தொன்பது நாள் நான்தான் கூட இருந்தேன். சித்தி பையன் அவனோட பழைய டிஎஸ்ஸையும் நாலு கார்ட்ரிட்ஜையும் ஒரு துணிப்பையில போட்டுக் கொடுத்தான். முதல் நாள் ராத்திரி ரொம்ப ஆசையா ஒரு பெரிய அட்வெஞ்சர் கேமை எடுத்தேன். பக்கம் பக்கமா உரையாடல், எப்போ சேவ் பண்ண முடியும்னே தெரியாது. நர்ஸ் கூப்பிடுவார், மருந்துச் சீட்டை வாங்கிட்டு ஓடணும்; திரும்பி வந்தா யார் யாரை ஏன் சந்தேகப்பட்டாங்கன்னு மறந்திருக்கும். ரெண்டு நாள்ல அதை மூடி வைச்சேன். கேம் மோசமில்லை. அந்த இடத்துக்கு அது சரிப்படல.

கையில பிடிச்சு விளையாடுற கன்சோலோட வரலாறே இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் ஓடுது. டிவி முன்னாடி விளையாடுறவரை யாரும் எழுப்ப மாட்டாங்க, அம்மாவைத் தவிர. பஸ்ஸுல விளையாடுறவருக்கு ஸ்டாப் வந்துடும், பேட்டரி தீர்ந்துடும், பக்கத்துல இருக்கிறவர் பேச ஆரம்பிச்சுடுவார். பாதியில நிறுத்தினாலும் கெட்டுப் போகாத விளையாட்டு எது? இந்த வகைக் கேம் செஞ்சவங்க எல்லாரும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்காங்க.

முதல் பதில் 1984-ல், கையடக்கக் கருவிக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் பிறந்தது. மாஸ்கோ, சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையம். அலெக்சி பஜித்னோவ் என்ற புரோகிராமர் எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் டெட்ரிஸை எழுதினார். அந்தக் கணினிக்குப் படம் காட்டவே தெரியாது, எழுத்து மட்டும்தான். அதனால் அடைப்புக்குறிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துத்தான் கட்டங்களை அமைத்தார். இங்கே 90-களில் வளர்ந்தவங்களுக்கு டெட்ரிஸ்னு சொன்னா புரியாது, 'பிரிக் கேம்'னு சொன்னாத்தான் புரியும். திருவிழாக் கடையில தொங்கும், மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும், உள்ள ஏழெட்டு கேம்தான் இருக்கும். அதுல முதல்ல இருந்தது டெட்ரிஸோட நகல்தான்.

இன்னொரு பக்கம் ஜப்பான். நிண்டெண்டோவில் குன்பே யோகோய் என்ற பொறியாளர் 1980-ல் கேம் அண்ட் வாட்ச் என்ற சின்னக் கருவியை உருவாக்கியிருந்தார். ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். பழகி, விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எடுத்துப் புதுசா ஒன்றுக்குப் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளியான கேம் பாயும் அப்படிப்பட்டதுதான். வண்ணம் கிடையாது, நாலே நாலு சாயல். அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகள். போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் ரெண்டும் வண்ணத் திரை. ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் நாள் முழுக்க ஓடும். ஜெயிச்சது எதுன்னு உங்களுக்கே தெரியும்.

இந்த ரெண்டு கதையையும் சேர்த்து வைத்தவர் ஹெங்க் ராஜர்ஸ். 1989 பிப்ரவரியில் சுற்றுலா விசாவில் மாஸ்கோ போய், மென்பொருள் ஏற்றுமதியைக் கவனித்த எலோர்க் என்ற அரசு நிறுவனத்தின் கதவைத் தட்டினார். கையடக்கக் கருவிக்கான உரிமை வேணும் என்று கேட்கத்தான் போனார். பேச்சுக்கு நடுவே, தான் ஜப்பானில் வெளியிட்டிருந்த டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜை எடுத்துக் காட்ட, அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். கன்சோலுக்கு நாங்கள் உரிமையே தரவில்லையே! கணினிக்கு மட்டும் கிடைத்த உரிமையைக் கைமாற்றிக் கைமாற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்றிருந்தது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. 2023-ல் வந்த சினிமாவில் இது கார் துரத்தலோடு வரும். அது சினிமாவுக்காகச் சேர்த்தது. ஒப்பந்தத்தில் 'கணினி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உட்கார்ந்து வாதாடியதுதான் நிஜம். எனக்கு அதுதான் சுவாரசியமா இருக்கு.

கேம் பாயோடு பெட்டியிலேயே எந்தக் கேமை வைப்பது என்ற பேச்சு வந்தபோது, சின்னப் பையன்கள் மட்டும் வாங்கினால் போதும் என்றால் மரியோவை வையுங்கள், எல்லாரும் வாங்கணும் என்றால் டெட்ரிஸை வையுங்கள் என்ற பொருளில் ராஜர்ஸ் நிண்டெண்டோவிடம் வாதாடினார். அமெரிக்காவில் டெட்ரிஸோடுதான் கேம் பாய் வந்தது. டெட்ரிஸுக்குச் சேவ் தேவையே இல்லை. ஆட்டம் முடிஞ்சா முடிஞ்சுது. ஆஃப் பண்ணா உங்க அதிகபட்ச ஸ்கோர்கூட அழிஞ்சிடும். மறுபடி முதல்ல இருந்து. பஸ் ஸ்டாப்புக்கு இதைவிட என்ன வேணும்? பஜித்னோவுக்கு மட்டும் 1996 வரை இதிலிருந்து ராயல்டி வரவில்லை. இதைச் சொல்லாம தாண்டிப் போக மனசு வரல.

சரி, அட்வெஞ்சருக்கு வருவோம். கதை இருக்கிற விளையாட்டுக்கு ஞாபகம் வேணும். நேத்து விட்ட இடத்துல இன்னிக்குத் தொடரணும். கேம் பாய் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன மெமரி, அதன் உயிரைப் பிடித்து வைக்க ஒரு பட்டன் பேட்டரி. 1993-ல் வந்த செல்டா: லிங்க்'ஸ் அவேக்கனிங் அப்படித்தான் ஒரு முழுத் தீவையே பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தது. வேலை நேரம் முடிந்த பிறகு நிண்டெண்டோ ஊழியர்கள் தங்கள் விருப்பத்துக்குச் செய்து பார்த்ததில் தொடங்கிய கேம் அது. ட்வின் பீக்ஸ் தொடர் மாதிரி சின்ன ஊர், விசித்திரமான ஆட்கள் வேண்டும் என்று இயக்குநர் தகாஷி தெசுகா நினைத்தார். அந்த வினோதம் கேம் முழுக்கத் தெரியும். நாலு சாயல்ல இவ்வளவு சோகமா ஒரு முடிவை எப்படி வரைஞ்சாங்கன்னு இன்னும் யோசிக்கிறேன்.

ஆனா அந்தப் பட்டன் பேட்டரிக்கும் ஆயுசு உண்டு. நான் ஒரு கடையில, பேரைச் சொல்லல, பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ் ஒண்ணு வாங்கினேன். வீட்டுல மூணு மணி நேரம் விளையாடி, சேவ் பண்ணி, ஆஃப் பண்ணி, காலையில ஆன் பண்ணா எதுவுமே இல்ல. பேட்டரி செத்து எத்தனை வருஷமோ. கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு, "ஓடுதுல்ல சார்?"னு கேட்டார். ஓடுது, அது உண்மைதான்! டெட்ரிஸா இருந்திருந்தா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

இப்போ டிஎஸ். 2004 நவம்பரில் வந்தது, மொத்தம் 15 கோடிக்கு மேல் விற்றது. ரெண்டு திரை, கீழே இருப்பது தொடுதிரை, ஒரு மைக். எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. நான் சொல்ல வர்றது அதோட கீல். மூடினா தூங்கும், திறந்தா விட்ட இடத்துல முழிக்கும். சேவ் பாயின்ட்டைத் தேடி ஓட வேண்டாம், பட்டுன்னு மூடிட்டு எழுந்து போகலாம். மடக்குற வடிவமும் ரெட்டைத் திரையும் 1982-லேயே டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச்சில் யோகோய் செய்ததுதான். அவர் 1997-ல் சாலை விபத்தில் இறந்துவிட்டார், டிஎஸ்ஸைப் பார்க்கவில்லை.

கணினியில் அட்வெஞ்சர் கேம்கள் வாடிப்போயிருந்த நேரம் அது. சுட்டிக்காட்டி, பேசி, பொருளைச் சேர்த்துத் தீர்க்கும் அந்த வகைக்கு டிஎஸ்ஸில் மறுபிறவி கிடைத்தது. ஷூ தகுமி என்பவர் காப்காம் நிறுவனத்தில் ஏழு பேரை வைத்துச் செய்த நீதிமன்றக் கேம் 2001-ல் கேம் பாய் அட்வான்ஸுக்கு ஜப்பானில் மட்டும் வந்திருந்தது. 2005-ல் அதுவே டிஎஸ்ஸுக்கு வந்து, ஏஸ் அட்டர்னி என்ற பெயரில் உலகம் சுற்றியது. சாட்சி பொய் சொல்வார். எந்த வரியில் பொய், எந்த ஆதாரம் அதை உடைக்கும் என்று நீங்கள் கண்டுபிடிக்கணும். விசாரணை நடுவிலும் நிறுத்தி வைக்கலாம். டிஎஸ்ஸுக்காகச் சேர்த்த கடைசி வழக்கில் கைரேகைப் பொடியைத் தூவி, மைக்கில் வாயால் ஊதணும். பஸ்ஸில் செய்யாதீங்க.

ஃபுகுவோகாவில் சிங் என்று ஒரு சின்ன நிறுவனம். 2005-ல் அவர்கள் செய்த அனதர் கோடில் ஒரு புதிர். பட்டன் எதுவும் உதவாது. கருவியைப் பாதி மூடி, ஒரு திரையின் பிம்பம் இன்னொன்றில் விழும்படி சாய்த்துப் பார்த்தால்தான் படம் கூடும். 2007-ல் வந்த ஹோட்டல் டஸ்க்கை டிஎஸ்ஸைத் திருப்பிப் புத்தகம் மாதிரி பிடித்துத்தான் விளையாடணும். பென்சிலால் கிறுக்கிய மனிதர்கள், ஒரு ராத்திரி, ஒரு பழைய ஹோட்டல். 2010 மார்ச்சில் சிங் திவாலானது. அனதர் கோட் மட்டும் 2024-ல் ஸ்விட்சுக்குப் புதுப்பிறவி எடுத்தது. கருவியின் உடம்போடு ஒட்டிப் பிறந்த கேமை வேற கருவிக்கு மாத்துறது லேசில்லை. ரெண்டு திரையைப் பாதி மூடுற புதிரை ஒரே திரையில எப்படிப் போடுவீங்க?

துணிப்பைக்குத் திரும்புறேன். மூணாவது நாள் நான் எடுத்தது புரொஃபசர் லேட்டன், முதல் பாகம். லெவல்-5 நிறுவனம் 2007-ல் வெளியிட்டது. அதன் தலைவர் அகிஹிரோ ஹினோ சின்ன வயதில் அகிரா தாகோவின் புதிர்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். தாகோ ஓர் உளவியல் பேராசிரியர். தலைக்கு உடற்பயிற்சி என்று பொருள்படும் அவருடைய புத்தக வரிசை 1966-லிருந்து ஜப்பானில் வந்தது. ஹினோ அவரையே அழைத்து வந்து கேமுக்குப் புதிர் வாங்கினார். நூற்று முப்பதுக்கும் மேல் புதிர், நடுவில் ஒரு மர்மக் கதை. ஊருக்குள் யாரைப் பார்த்தாலும் ஒரு புதிர் போடுவார். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷமோ அரை நாளோ, மூடிட்டுப் போய் மனசுலயே போட்டு உருட்டலாம்.

அதுல ஏழாவது புதிர், மூணு ஓநாய், மூணு கோழிக்குஞ்சு, ஒரு தெப்பம். கரையில ஓநாய் அதிகமானா குஞ்சு காலி. நான் முழிச்சிட்டிருந்தப்போ அப்பா கட்டில்ல இருந்து, "என்னடா அது, ஒரு மணி நேரமா?"ன்னார். படிச்சுக் காட்டினேன். "இது நம்ம புலி, ஆடு, புல்லுக்கட்டுதானேடா"ன்னார். மருந்துக் கடை பில்லைத் திருப்பி, பேனா வாங்கி, நாலு கோடு போட்டார். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டு வரணும், அதுதான் தந்திரம். நான் முன்னாடியே போயிட்டிருந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் அவருக்குத் தனி ஃபைல் போட்டுக் கொடுத்தேன். குறிப்பு வாங்குற காசைச் செலவழிக்கவே மாட்டேன்னு அடம். டிஸ்சார்ஜ் ஆனப்போ என் கணக்கு 58, அவர் கணக்கு 71.

சரி, நேயரோட கேள்வி. முதல்ல லேட்டன் வாங்குங்க. ஒரு எச்சரிக்கை, விடை தெரிஞ்ச புதிருக்கு ரெண்டாம் தடவை ருசி கிடையாது, முடிச்சதும் யாருக்காவது கொடுத்துடுங்க. ரெண்டாவது ஏஸ் அட்டர்னி முதல் பாகம். ஆனா அது புதுக் கருவிகளுக்கும் வந்தாச்சு, காசு இடிச்சா இதைத் தள்ளிப் போடலாம். மூணாவது ஹோட்டல் டஸ்க், வாங்குறதா இருந்தா இப்பவே. இதுக்கு மட்டும் வீட்டுல ரெண்டு மணி நேரம் சும்மா இருக்கிற ராத்திரி வேணும், ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. அதுதான் நான் முதல் நாள் எடுத்த கேம்.

டிஎஸ் கார்ட்ரிட்ஜ்ல கேம் பாய் மாதிரி பட்டன் பேட்டரித் தொல்லை பொதுவா இல்ல, ஆனா போலி நிறைய. கடையிலேயே போட்டு, சேவ் பண்ணி, ஆஃப் பண்ணி, திரும்ப ஆன் பண்ணிப் பாருங்க. கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்ல. அப்புறம் உங்க டிஎஸ்ஸோட கீலையும் ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க. சித்தி பையனோடது இப்போ லேசா ஆடுது. அப்பா இன்னும் திருப்பிக் கொடுக்கல.