திங்கட்கிழமை மைதானம்

சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறிப் பலமனேருக்கு வருபவர்கள் காற்றின் குளிர்ச்சி கூடுவதை இன்றும் உணரலாம். கடல்மட்டத்துக்கு 2,200 அடிக்கு மேலே இருக்கும் இந்த ஊரில், சமவெளியின் வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு காலத்தில் கோடைக்கு வந்து தங்கினார்கள். அது நீலகிரிக்குப் பாதை இல்லாத காலம். ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறி, 1822 வாக்கில் ஊட்டியில் கல்வீடு கட்டத் தொடங்கிய பிறகு துரைமார்களின் கோடை அந்தப் பக்கம் போய்விட்டது. பலமனேர் மறுபடி வண்டிகள் நின்று போகும் பாதையோர ஊரானது.

கோல்ஃப் தெற்கே வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். துரைமார்கள் கூடாரம் மாற்றிய இடங்களுக்கெல்லாம் அவர்களோடு அதுவும் போயிற்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே முதல் கோல்ஃப் கிளப் 1829இல் கல்கத்தாவில் தொடங்கியது. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இலும் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இலும் வந்தன. சென்னையில் 1884இல் தொடங்கிய ஜிம்கானா கிளப்காரர்கள் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே ஆடினார்கள். பலமனேருக்குத் தென்மேற்கே, வி.கோட்டா வழியாகப் போனால் வரும் கோலார் தங்கவயலிலும் ஒரு மைதானம் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கிய பின், மேலே இங்கிலாந்துக்காரர்களின் கிளப்பும் பங்களாக்களும் எழுந்தன. கீழே பாறையைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டுத் தமிழர்களும் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களும்.

இந்த மைதானங்களின் வரலாறு கிளப் மலர்களில் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது: யார் தலைவர், யார் கோப்பை வென்றார், எந்த ஆண்டு எந்தக் கட்டடம். பணத்துக்கு ஆடாத அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு அதில் பெரிய இடம். அகில இந்திய அமெச்சூர் போட்டி 1892இல் தொடங்கியது. வென்றவர்களின் பெயர்கள் பலகைகளில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அந்த அமெச்சூர்கள் வார விடுமுறையில் ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சை, சரிசெய்யப் போராடியபோது, சுமைப்பையோடு பத்தடி தள்ளி நின்று ஒவ்வொரு வீச்சையும் கவனித்துக்கொண்டிருந்த பையன்களைப் பற்றிப் பலகைகள் எதுவும் சொல்வதில்லை. தென்னிந்தியாவில் ஸ்விங் என்ற கலை வேர்பிடித்த கதையை அந்தப் பையன்களை விட்டுவிட்டு எழுதினால் பாதிக்கதைதான் கிடைக்கும்.

கேடி வேலைக்கு, அதாவது மட்டைப் பை சுமக்க, வந்த சிறுவன் ஒரு நாளில் பதினெட்டுக் குழிகளைச் சுற்றி நடந்தான். ஒரு சுற்று ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதற்குள் தன் துரையின் வீச்சையும் கூட ஆடுபவர்களின் வீச்சையும் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்ட அடிகளைப் பார்த்துவிடுவான். பந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. எனவே மட்டை எப்படி இறங்கினால் பந்து எப்படி வளையும் என்பதை அவன் கண் பழகிவிடும். உடைந்த மட்டை ஒன்று கையில் கிடைத்தால் மதில் ஓரத்தில் அடித்துப் பார்ப்பான். பல கிளப்புகளில் திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு ஆட்டம் கிடையாது. புல்லைப் பராமரிக்கும் நாள். அன்று காலையில் கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்ற வழக்கம் இருந்தது. மற்ற ஆறு நாளும் கண்ணால் பார்த்ததைக் கையில் ஏற்றிப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் அந்தத் திங்கட்கிழமைதான்.

பார்த்துப் படிப்பது ஏழைகளின் வழி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. உலகின் மிகச் சிறந்த அமெச்சூர் என்று இன்றும் கொண்டாடப்படும் பாபி ஜோன்ஸ், அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டூவர்ட் மெய்டனின் பின்னாலேயே சிறுவயதில் நடந்து, அவர் வீச்சைப் பார்த்துப் பார்த்தே தன் வீச்சை உருவாக்கிக்கொண்டார். ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் அவர் வென்றது 1930இல். 1957இல் ஐந்து பாடங்களாக ஸ்விங்கைப் பிரித்துப் புத்தகம் எழுதிய பென் ஹோகன், டெக்ஸஸின் ஃபோர்ட் வொர்த்தில் கேடியாகத் தொடங்கியவர். இரண்டு கைகளின் விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் பிடியைப் புகழ்பெறச் செய்த ஹாரி வார்டனும் ஜெர்சி தீவில் சிறுவனாகப் பை சுமந்தவரே. அமெச்சூர்கள் காசு கொடுத்துப் படித்த பாடங்களை எழுதியவர்கள் முதலில் இந்தச் சுமைகாரர்களாக இருந்தவர்கள்.

ஆனால் சட்டம் அவர்களை அமெச்சூர் என்று ஏற்கவில்லை. 1909இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: பதினாறு வயதுக்குப் பிறகும் கேடி வேலை செய்பவர் தொழில்முறை ஆட்டக்காரராகவே கருதப்படுவார். சில்லறைக் கூலிக்குப் பை தூக்கிய பையன் தொழில்முறை. தோட்டத்தில் லாபம் பார்த்துவிட்டு ஆட வந்த முதலாளி அமெச்சூர். அமெச்சூர் என்ற அந்தஸ்து திறமையை அளக்கவில்லை, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை அளந்தது. இந்த அநீதியைச் சொல்லாமல் அந்தக் காலத்து அமெச்சூர் கோல்ஃபின் பெருமையை எழுதுவது சரியாகாது.

கதை இங்கே கடல் தாண்டுகிறது. பலமனேர் அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. முதல் ஒப்பந்தக் கூலிகளோடு 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் போய் நின்ற ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். தமிழ் மாவட்டங்களில் அதிகமானவர்களை அனுப்பியது வட ஆற்காடு. அந்த ஏற்றுமதி நின்றதும், வட ஆற்காட்டிலிருந்து பலமனேரைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் உண்டானதும் ஒரே ஆண்டில், 1911இல். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்த குடும்பங்கள் டர்பனைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட்டன, மீன் பிடித்தன. தமிழும் தெலுங்கும் போஜ்புரியும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒலித்தன. அந்த வீடுகளின் பையன்கள் கோல்ஃப் கிளப்புகளுக்குப் பை சுமக்கப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் சேவ்சங்கர் சேவ்கோலம். ஊரில் பாப்வா என்றால்தான் தெரியும். 1928இல் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, டர்பனின் பீச்வுட் மைதானத்தில் கேடி. அவருக்கு யாரும் மட்டையைப் பிடிக்கச் சொல்லித்தரவில்லை. வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைப்பார்கள். பாப்வா தலைகீழாக, இடக்கையைக் கீழே வைத்தார். இப்படிப் பிடித்தால் மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, பந்துக்கு வேகம் கிடைக்காது என்று எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே கையை மாற்றி வைத்துவிடுவார். பாப்வாவுக்குப் பயிற்சியாளர் கிடையாது. அந்தத் தலைகீழ்ப் பிடியோடேயே பல்லாயிரம் பந்துகளை அடித்து, பந்து நினைத்த இடத்தில் விழும் ஒரு வீச்சைத் தனக்கென்று செய்துகொண்டார்.

டர்பனில் முகப்பூச்சுத் தயாரித்துப் பணம் சேர்த்த கிரஹாம் வுல்ஃப் அவர் ஆட்டத்தைப் பார்த்தார். 1959இல் அவரை ஐரோப்பாவுக்குக் கூட்டிச்சென்றார். அந்த ஆண்டே பாப்வா டச்சு ஓப்பன் பட்டம் வென்றார். 1960இல் மறுபடியும், 1964இல் மூன்றாம் முறையும் அதையே வென்றார். சொந்த ஊரில் மட்டும் நிலைமை வேறு. 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனில் வெள்ளையர்கள் அத்தனை பேரையும் மிஞ்சி அவர் முதலிடம் பெற்றார். நிறவெறிச் சட்டப்படி கிளப் கட்டடத்துக்குள் அவர் கால் வைக்க முடியாது. பரிசளிப்பின்போது மழை, வெள்ளைக்காரர்கள் உள்ளே நிற்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவோடு விளையாட்டு உறவு கூடாது என்று போராடியவர்களுக்கு அதைவிட வலுவான சாட்சி தேவைப்படவில்லை. 1965இல் அதே போட்டியில் தென்னாப்பிரிக்காவின் முன்னணி ஆட்டக்காரர் கேரி பிளேயரையும் தோற்கடித்தார். அதன் பிறகு அரசு அவரை உள்ளூர்ப் போட்டிகளிலிருந்து தடுத்தது, கடவுச்சீட்டையும் பிடுங்கிக்கொண்டது. 1978இல் வறுமையில் இறந்தார். இன்று டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் ஒரு நகராட்சி மைதானம் அவர் பெயரில் இருக்கிறது.

பாப்வாவின் பிடியை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஸ்விங் என்றால் ஒரே ஒரு சரியான உருவம் உண்டு, அதைப் புத்தகம் பார்த்து நகலெடுத்தால் போதும் என்று நம்பும் அமெச்சூருக்கு அவர் வாழ்க்கை பதில் சொல்லிவிடுகிறது.

பதில் இயற்பியலிலும் இருக்கிறது. பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது. மட்டையின் முகம் அதைத் தொட்டிருப்பது ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பந்துக்குத் தெரிவது அந்த நேரத்தில் மட்டை எந்தத் திசையில் வருகிறது, முகம் எங்கே பார்க்கிறது, எவ்வளவு வேகம் என்பவை மட்டுமே. அதற்கு முன் தோளும் இடுப்பும் எப்படிச் சுழன்றன என்பது பந்துக்குத் தெரியாது. வார இறுதி ஆட்டக்காரர்களைத் தீராமல் வாட்டும் ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கமாக வளைந்து ஓடிவிடுவது, மட்டை வரும் பாதையோடு ஒப்பிட்டால் முகம் வலப்பக்கம் திறந்திருப்பதால் வருகிறது. மேலிருந்து தோளை முன்தள்ளி வெளியிலிருந்து உள்ளே வெட்டுபவர்களுக்கு அது இன்னும் மோசமாகும். பந்து கிளம்பும் திசையைப் பாதைதான் முடிவுசெய்கிறது என்று பழைய பாடநூல்கள் பல சொல்லிவந்தன. கிளம்பும் திசையில் பெரும்பங்கு முகத்துக்கே என்பதை 1968இல் காக்ரனும் ஸ்டாப்ஸும் வெளியிட்ட ஆய்வுநூல் காட்டியது. 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார் கருவி வந்த பிறகுதான் சாதாரணப் பயிற்சியாளர்களும் அதை ஒத்துக்கொண்டார்கள். பல்லாயிரம் பந்துகளைத் தேடி எடுத்த கேடியின் கண், ரேடார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதில் பெரும்பகுதியை அறிந்திருக்கும்.

மட்டையும் மாறியது. ஹிக்கரி மரக்காம்பு வீச்சின்போது முறுக்கிக்கொள்ளும். அதை அடக்க மணிக்கட்டும் முன்கையும் நிறைய வேலை செய்ய வேண்டும். 1929இல், ஆட்ட விதிகளை வகுத்துவந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் எஃகுக் காம்பை அனுமதித்த பின் வீச்சு உடம்பின் சுழற்சியை நம்பத் தொடங்கியது. இந்தியக் கேடிகளின் கைக்கு வந்தவை துரைமார்கள் தூக்கி எறிந்த பழைய மட்டைகள். ஒரு தலைமுறை பின்தங்கிய கருவியோடு அடுத்த தலைமுறை ஆட்டத்தைக் கற்ற அவர்களின் பொறுமைக்கு ஈடு எதுவும் இல்லை.

சுதந்திர இந்தியாவில் அமெச்சூர் ஒருவர்தான் முதலில் பெரிய கதவைத் திறந்தார். இந்தியன் ஓப்பன் 1964இல் தொடங்கியபோது ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் வென்றார். மறு ஆண்டு, 1965இல், தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்று பட்டம் எடுத்தவர் அமெச்சூரான பி. ஜி. சேத்தி, பில்லூ என்றே அவரை அழைப்பார்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் லட்சுமண் சிங் தனிநபர் தங்கம் வென்றார். அணித் தங்கமும் இந்தியாவுக்கே. அடுத்த முறை இந்தியன் ஓப்பனை இந்தியர் ஒருவர் தொட 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993இல் மறுபடியும் வென்றார்.

தெற்கின் முறை 2009இல் வந்தது. பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் சிறுவயதில் பை சுமந்த சின்னசாமி முனியப்பா, குர்கானில் நடந்த இந்தியன் ஓப்பனில் கொரியாவின் லீ சுங்கோடு சமநிலையில் முடித்து, கூடுதல் ஆட்டத்தில் வென்றார். பன்னாட்டுத் தொழில்முறை வீரர்கள் நிறைந்த களத்தில், கேடிகளின் வரிசையிலிருந்து வந்த ஒருவரின் கையில் கோப்பை.

அதே கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடலில் ஐந்து வயதில் மட்டை எடுத்த இன்னொருவர் அதிதி அசோக். பிரபல ஆட்டக்காரிகளோடு ஒப்பிட்டால் அவரது வீச்சில் தூரம் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திலிருந்த அவர் ஒரே ஓர் அடியில் பதக்கத்தை இழந்து நான்காவதாக முடித்தார். பையைச் சுமந்து கூட நடந்தவர் அவர் தாய். காலையில் நாலு மணிக்கே எழுந்து அந்த ஆட்டத்தைப் பார்த்த இந்தியர்களில் பலர் அதற்கு முன் கோல்ஃபைத் திரும்பிப் பார்க்காதவர்கள்.

பலமனேர், முல்பாகல், வாணியம்பாடி போன்ற ஊர்களிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், கையில் கொஞ்சம் பணமும் ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்சும் ஒருவர் இன்று காசு கொடுத்துப் பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்து வாங்கலாம். செல்பேசியில் தன் வீச்சைப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். உறுப்பினராகாமலே கற்க முடிகிற இந்த நிலை அவரது தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. நல்ல மாற்றம், வரவேற்க வேண்டியது. அவர் ஸ்லைஸைத் திருத்தித் தருபவர் முன்னாள் கேடியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அந்தப் பயிற்சியாளர்களுக்கு முந்திய தலைமுறை இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சென்னையிலும் பெங்களூரிலும், 2001இல் சுரங்கம் மூடப்பட்ட தங்கவயலிலும், திங்கட்கிழமைகளில் ஆடிய முதியவர்களில் பேசக்கூடிய நிலையில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் துரையின் வீச்சைப் பார்த்தார்கள், முதல் மட்டை யார் கொடுத்தது, நாள் கூலி என்ன, திங்கட்கிழமை யார் அதிகம் வென்றார் என்பதையெல்லாம் கேட்டு ஒலிப்பதிவு செய்ய ஓர் ஆண்டும் இரண்டு இளைஞர்களும் போதும். நூற்றாண்டு விழா மலருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்குக் கிளப்புகள் ஒதுக்க வேண்டும். வெற்றிப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகைக்குச் சுவரில் இடமும் இருக்கிறது.