மாற்கு மாஸ்டரும் மிஞ்சிய தாள்களும்



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஓர் ஓவிய ஆசிரியரின் வாழ்க்கை. நான் வர்த்தகம் படித்தவன், தொழிலால் கணக்காளன். சித்திரம் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இருந்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று பார்ப்பது கணக்காளனின் வேலை. மாற்கு மாஸ்டரின் கதையில் அந்தக் கேள்விதான் மிகப் பெரியது.

அ. மாற்கு 1933இல் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தார். கரையோரத்து ஊர். கொழும்பு நுண்கலைக் கல்லூரியில் படித்து, சித்திர ஆசிரியராகி, வாழ்நாளின் பெரும்பகுதியை வடக்கின் மாணவர்களுடன் கழித்தார். 'மாஸ்டர்' என்ற சொல் அவருடைய பெயரின் பாதியாகவே ஆகிவிட்டது.

அவருக்கு முன்னும் ஒரு பரம்பரை இருந்தது. இலங்கைப் பாடசாலைகளில் சித்திரக் கல்வியை மாற்றியமைத்தவர்களில் ஒருவர் வின்சர் என்ற ஆங்கிலேயர். அவருடைய பெயரில் 1938இல் எஸ்.ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். அதன் பின்னர் 1950களின் இறுதியில் விடுமுறைக்கால ஓவியர் கழகம் வந்தது. பெனடிக்ற், மாற்கு போன்ற ஆசிரியர்கள் அதில் உழைத்தார்கள். பெயரைக் கவனியுங்கள். ஆசிரியர்கள் தங்கள் விடுமுறையைக் கொடுத்து நடத்திய கழகம் அது. வேலை முடிந்த பிறகு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து உட்காரும் எங்களைப் போன்ற தொண்டர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும்.

மாஸ்டர் நீர்வர்ணம், தைலவர்ணம், பேனா மை என்று பலவற்றிலும் வரைந்தார். மனித உருவங்களைச் சில கோடுகளுக்குள் எளிமையாக்கிக் கொண்டுவருவதில் கைதேர்ந்தவர். எங்கள் காலத்தில் சித்திர பாடம் என்றால் பூச்சாடியைப் பார்த்து அப்படியே கீறுவது, தைப்பொங்கல் காட்சி ஒன்று, பிறகு கொப்பியை மூடி வைப்பது. உள்ளதை உள்ளபடி கீறினால்தான் படம் என்று நம்பிய அந்த ஊரில் நவீன ஓவியத்தையும் கற்பித்தவர் அவர்.

1980களில் பாடசாலைக்கு வெளியேயும் இளையோருக்குக் கற்றுக்கொடுத்தார். அருந்ததி, வாசுகி, நிலாந்தன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். வாசுகி பெண்களின் வாழ்வை வரைந்தார். நிலாந்தன் கவிஞராகவும் அரசியல் ஆய்வாளராகவும் அறியப்பட்டவர். ஒருவரைப் போல மற்றவர் இல்லை. தன் கோட்டை மாணவரின் கையில் திணிக்காத ஆசிரியர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1987இல், போர் நடந்துகொண்டிருந்த ஆண்டிலேயே, அவரைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் வெளிவந்தது. உயிரோடு இருக்கும்போதே ஆசிரியரைக் கொண்டாடிய அரிதான சமூகக் கடமை அது.

பிறகு வந்த நாட்களை நீங்கள் அறிவீர்கள். 1990இல் பொருளாதாரத் தடை. பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சான காலத்தில் வர்ணத்துக்கும் நல்ல கடதாசிக்கும் எங்கே போவது? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்தது. கையில் எடுத்தது சமையல் பாத்திரமும் பிள்ளைகளும்தான். படங்களை யார் தூக்குவது? மாஸ்டரின் படைப்புகளில் பெரும்பகுதி அந்த இடப்பெயர்வில் போயிற்று. அவரும் ஊர் விட்டு ஊர் போய், 2000ஆம் ஆண்டு மன்னாரில் காலமானார்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த எண்ணிக்கை எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். மாஸ்டரின் படங்கள் எத்தனை போயின என்று சொல்ல எந்தப் பேரேடும் இல்லை. நூலில் இன்னொரு பிரதி எங்காவது இருக்கும். நீர்வர்ணப் படம் ஒன்றே ஒன்றுதான்.

எங்கள் ஹோர்சன்ஸ் நகரைப் பாருங்கள். 1955இல் இங்கே பிறந்த ஓவியர் மிக்கேல் க்வியூமின் படங்களை நகரத்துக் கலைக்கூடம் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்திருக்கிறது. 2006இல் மூடிய பழைய சிறைச்சாலையைக்கூட இடிக்காமல் அருங்காட்சியகமாக்கினார்கள். டெனிஸ்காரர் எங்களைவிட அன்பானவர்கள் என்பதல்ல காரணம். அவர்கள் பதிந்து வைக்கிறார்கள். 1987இல் தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்து சேர்வதைத் தடுத்து வைத்த விவகாரம், 1993இல் ஓர் அரசாங்கத்தையே பதவி விலக வைத்தது எப்படி? கோப்புகளில் இருந்த தாள்கள் பேசின. தாளைக் காப்பாற்றியவனுக்குத்தான் நியாயம் கேட்க முடியும்.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். மாஸ்டரிடம் மட்டுமல்ல, எங்கள் ஊர்களின் எந்தச் சித்திர ஆசிரியரிடம் படித்தவராக இருந்தாலும் உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கல்யாண அல்பத்துக்குள், பழைய கடித உறைக்குள், ஒரு வாழ்த்து மடல், ஒரு சிறு நீர்வர்ணம், ஒரு கண்காட்சி அழைப்பிதழ் கிடக்கலாம். கிடைத்தால் நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். கோடையில் இங்கே பகல் நீளம், நீர்வர்ணம் வெளிறிவிடும். குளியலறைச் சுவரும், ஈரம் ஊறும் நிலக்கீழ் அறையும் கூடாது. சுருட்டாமல், ஒட்டுநாடா போடாமல், அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். வரைந்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, உங்களிடம் எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். அவர்களுக்கும் அது ஒரு தமிழ் வகுப்புத்தான்.

எங்கள் நிலையத்துக்கு ஒரு பிரதியை அனுப்பினால் பட்டியலில் சேர்ப்போம். பட்டியலை நானே எழுதுகிறேன், அது எனக்குத் தெரிந்த வேலை. முதல் பக்கத்தில் மூன்று வரிகள் மட்டும் நிரம்பினாலும் போதும். இழப்பை மட்டுமே சொல்லி வந்த கணக்கில் அவை முதல் வரவாக இருக்கும்.